யூவி விளக்கு ஆர்.என்.ஏ-வைக் கெடுக்கிறது, அதே யூவி வெளிச்சத்தில்தான் ஆர்.என்.ஏ பிறந்ததா?

தேவகோட்டை டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். தேவகோட்டையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுக்கிறேன். ஆர்.என்.ஏ உலகம் (உயிர் முதலில் ஆர்.என்.ஏ-வை வைத்துத்தான் தொடங்கியது என்ற கருத்து) பகுதியை நடத்தும்போது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "டீச்சர், வீட்டு ஆர்.ஓ. மிஷினில் இருக்கிற யூவி லைட் கிருமியோட டி.என்.ஏ, ஆர்.என்.ஏ-வைக் கெடுத்துத்தான் அதைக் கொல்லுதுன்னு சொன்னீங்க. உயிர் தோன்றின காலத்தில் ஓசோன் படலமே கிடையாதுன்னும் சொல்றீங்க. அப்படின்னா அவ்வளவு யூவியில் ஆர்.என்.ஏ எப்படி உண்டாச்சு, எப்படித் தாங்குச்சு?"

பாடப்புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. "படித்துவிட்டு வந்து சொல்கிறேன்" என்று சொல்லியிருக்கிறேன். இங்கே வேதியியல் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன். பிளஸ் டூ பிள்ளைக்குப் புரிகிற மாதிரி, ஆனால் மழுப்பாமல் சொல்லுங்கள்.

கல்லூரி ரோடு

டீச்சர், அந்தப் பெண்ணுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். ஒளிவேதியியலில் ஒரு பெரிய கூட்டமே இந்தக் கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. காரைக்குடியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், என் வேலையும் இதற்குப் பக்கத்தில்தான்.

ஆர்.என்.ஏ-வின் கட்டுமானப் பொருளான நியூக்ளியோட்டைடில் ரைபோஸ் சர்க்கரை, பாஸ்பேட், நைட்ரஜன் காரம் என்று மூன்று பாகம் இருப்பது பிள்ளைகளுக்குத் தெரியும். சர்க்கரைக்கும் பாஸ்பேட்டுக்கும் இந்த ஒளி ஒரு பொருட்டே இல்லை. அதை உறிஞ்சுவது காரம். அடினின், குவானின், சைட்டோசின், யுராசில் நான்குமே 260 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி நன்றாக உறிஞ்சும். உங்கள் மிஷினில் இருக்கும் பாதரச விளக்கு 254 நானோமீட்டரில் எரிகிறது. கிட்டத்தட்ட உச்சியிலேயே போய் அடிக்கிறது.

இப்போது ஒரு கணக்கு. 260 நானோமீட்டர் ஒளியின் ஆற்றல் மோலுக்குச் சுமார் 460 கிலோஜூல். கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையே உள்ள ஒற்றைப் பிணைப்பை உடைக்க 350 கிலோஜூல் அளவே போதும். இதை வைத்துப் பார்த்தால் ஃபோட்டானை (ஒளித்துகளை) விழுங்கும் ஒவ்வொரு காரமும் சிதற வேண்டும். ஆனால் பெரும்பாலான காரங்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. அதுதான் ஆச்சரியம்.

காரணம் வேகம். ஒளியை உறிஞ்சிக் கிளர்வு நிலைக்கு, அதாவது ஆற்றல் கூடிய நிலைக்கு, போன காரம் அங்கே தங்குவதே இல்லை. 2000-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பெர்ன் கோலரின் குழு ஃபெம்டோ விநாடி லேசரைக் கொண்டு இதை அளந்தது. அடினோசின் (அடினினும் ரைபோஸும் சேர்ந்தது) நீரில் கிளர்வு நிலையில் இருப்பது சுமார் 0.3 பிக்கோ விநாடி. பிக்கோ விநாடி என்றால் ஒரு விநாடியை லட்சம் கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு. கையில் விழுந்த தணலைச் சுடுவதற்குள் உதறிவிடுகிற மாதிரி, வேதிவினை எதுவும் தொடங்குவதற்கு முன்னாலேயே அந்த ஆற்றல் வெப்பமாகிச் சுற்றியுள்ள நீருக்குப் போய்விடுகிறது.

எப்படி உதறுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிளர்ந்ததும் காரத்தின் தட்டையான வளையம் நெளிகிறது. யுராசிலில் ஐந்தாவது, ஆறாவது கார்பனுக்கு நடுவே உள்ள இரட்டைப் பிணைப்பு முறுக்கிக்கொள்ளும். அடினினில் வளையத்தின் ஒரு முனை மேலே எழும்பும். அப்படி நெளிந்த ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் கிளர்வு நிலையும் அடி நிலையும் (காரத்தின் வழக்கமான நிலை) ஒரே ஆற்றலில் வந்து சேர்கின்றன. அந்த இடத்துக்குக் கூம்புச் சந்திப்பு என்று பெயர். அங்கே வந்துவிட்டால் மூலக்கூறு நேராக அடி நிலைக்கு இறங்கிவிடும். இறங்கிய கணத்தில் அது கடும் சூடாக இருக்கும். கணக்குப்படி ஆயிரம் டிகிரி அளவுக்குப் போகும். சில பிக்கோ விநாடிகளில் நீர் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஒளியாகத் திரும்பி வருவது பத்தாயிரத்தில் ஒன்று அளவுதான்.

கோட்டையூர் ராமு

அற்புதமான விளக்கம் தம்பி! அப்படியென்றால் ஓசோன் இல்லாத அந்தக் காலத்தில் வெயிலைத் தாங்கக்கூடிய மூலக்கூறுகள் மட்டும் மிஞ்சின, அதனால்தான் ஆர்.என்.ஏ-வின் எழுத்துகளான இந்த நான்கு காரங்களும் நம் உடம்பில் இருக்கின்றன என்று சொல்லிவிடலாமா? டீச்சரின் மாணவிக்கு ஒரே வரியில் பதில் கிடைத்துவிடும்.

கல்லூரி ரோடு

அப்படி நினைக்க வைக்கும் ஆதாரம் இருக்கிறது அண்ணே. அடினினில் அமினோ தொகுதி ஆறாவது இடத்தில் இருக்கிறது. அதே தொகுதியை இரண்டாவது இடத்துக்கு மாற்றினால் 2-அமினோபியூரின். அணுக்கள் அதேதான், எண்ணிக்கையும் அதேதான், ஒரு தொகுதி இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் இது கிளர்வு நிலையில் சுமார் 10 நானோ விநாடி தங்கும். அடினினைவிடப் பல ஆயிரம் மடங்கு நீண்ட நேரம். யூவி பட்டால் நீல நிறத்தில் பளிச்சென்று ஒளிரும். ஆய்வகங்களில் டி.என்.ஏ-வுக்குள் வேவு பார்க்க இதைச் செருகி வைப்பதே இந்த ஒளிர்வுக்காகத்தான்.

அவ்வளவு நேரம் கிளர்ந்த நிலையில் இருக்கிற மூலக்கூறுக்கு ஏதாவது வினையில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். உயிர் தேர்ந்துகொண்டது அடினினை, இதை அல்ல.

பள்ளத்தூர் வேதியியல்

கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். தம்பி சொன்ன அளவீடுகளில் எனக்கு மறுப்பு இல்லை. ராமு சொல்லும் முடிவுக்குத்தான் தடை சொல்கிறேன். தப்பிப் பிழைத்தது என்பது வேறு, அதனால்தான் தேர்வானது என்பது வேறு. இரண்டாவதைச் சொல்ல இன்னும் நிறைய ஆதாரம் வேண்டும்.

முதல் தடை. நான்கு காரங்களும் ஒரே மாதிரி தாங்குவதில்லை. அடினினும் குவானினும் கெட்டி. யுராசிலும் சைட்டோசினும் பல மடங்கு இளக்கம். யுரிடின் (யுராசிலும் ரைபோஸும் சேர்ந்தது) கரைசலில் 254 நானோமீட்டர் ஒளியைப் பாய்ச்சினால், உறிஞ்சப்படும் நூறு ஃபோட்டானில் ஒன்றிரண்டு அந்த ஐந்து-ஆறு இரட்டைப் பிணைப்பில் ஒரு நீர் மூலக்கூறைச் சேர்த்துவிடும். ஒளிநீரேற்றம் என்போம். நூற்றுக்கு ஒன்று என்பது கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் வெயில் நாள் முழுக்க அடிக்கும், ஃபோட்டானுக்குப் பஞ்சமில்லை.

இதைக் கண்ணால் பார்க்கலாம். குவார்ட்ஸ் குவளையில் (சாதாரணக் கண்ணாடி யூவியை மறைத்துவிடும்) மிக நீர்த்த யுரிடின் கரைசலை எடுத்து நிறமாலைமானியில் (எந்த அலைநீள ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளக்கும் கருவி) வைத்தால் 262 நானோமீட்டரில் அழகான ஒரு மேடு தெரியும். விளக்கின் கீழே கொஞ்ச நேரம் காட்டிவிட்டு மறுபடி அளந்தால் மேடு தணிந்திருக்கும். இன்னும் காட்டினால் இன்னும் தணியும். இரட்டைப் பிணைப்பு போனதால் ஒளியை உறிஞ்ச ஆளில்லை. இப்போது கரைசலில் கொஞ்சம் அமிலம் விட்டுச் சூடு காட்டுங்கள். சேர்ந்த நீர் கழன்றுகொள்ளும், மேடு திரும்ப எழும். இந்தத் திரும்பி வரும் மாற்றத்தை சின்ஷைமரும் ஹேஸ்டிங்ஸும் 1949-லேயே எழுதிவிட்டார்கள். மாணவர்களுக்கு இதைச் செய்து காட்டும்போதெல்லாம் அந்த மேடு எழுவதைப் பார்த்து அவர்கள் முகம் மலர்வதை ரசித்திருக்கிறேன்.

சைட்டோசின் கதை இன்னும் சிக்கல். நீர் சேர்ந்த சைட்டோசின் சீக்கிரமே தன் அமினோ தொகுதியை இழந்து யுராசில் பக்கம் போய்விடும். அதாவது ஒளி ஓர் எழுத்தை இன்னோர் எழுத்தாகவே மாற்றிவிடுகிறது. இதைத் தாங்குதிறன் என்று எப்படிச் சொல்வது?

இரண்டாவது தடை. தம்பி சொன்ன 0.3 பிக்கோ விநாடி தனியாக மிதக்கும் காரத்துக்கு. காரங்கள் இழையாகக் கோத்து ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி உட்கார்ந்துவிட்டால் கிளர்வு ஒரே காரத்தில் நிற்காது, பக்கத்துக் காரத்தோடு பகிர்ந்துகொள்ளும். அப்போது ஆயுள் நூறு பிக்கோ விநாடி வரைகூடப் போகிறது. இதை 2005-இல் சொன்னதும் அதே கோலர் குழுதான். அடுத்தடுத்து இரண்டு யுராசில் இருந்தால் ஒளி அவற்றை ஒன்றோடொன்று பிணைத்து இரட்டையாக்கவும் செய்யும். மிஷினில் இருக்கும் விளக்கு கிருமியைக் கொல்வது பெரும்பாலும் இப்படிப்பட்ட இரட்டைகளால்தான் (டி.என்.ஏ-வில் யுராசிலுக்குப் பதில் தைமின்).

கானாடுகாத்தான் ஆச்சி

நீங்கள் பேசுவதில் பாதி எனக்குப் புரிகிறது, பாதி புரியவில்லை, ஆனாலும் விடாமல் வாசிக்கிறேன். ஒரு சந்தேகம். எங்கள் வீட்டில் காலங்காலமாக வற்றலையும் வடகத்தையும் மாடியில் சித்திரை வெயிலில் காயப்போடுகிறோம். வெயில் பட்டால் கிருமி அண்டாது என்பார் எங்கள் மாமியார். அதுவும் இந்த யூவி செய்கிற வேலைதானா? சொல்லுங்கள் தம்பி.

கல்லூரி ரோடு

ஆச்சி, வணக்கம். வற்றல் கெடாமல் இருப்பதற்கு முதல் காரணம் உப்பும் காய்ச்சலும்தான். ஈரம் வற்றிவிட்டால் கிருமியால் பெருக முடியாது. யூவியின் பங்கு மேலோட்டமானது.

சித்திரையில் நம் பக்கம் உச்சி வெயில் மண்டையைப் பிளந்தாலும் அதில் 254 நானோமீட்டர் ஒளி துளிகூட இல்லை. ஓசோன் படலம் 290-க்குக் கீழே உள்ளதை எல்லாம் மேலேயே பிடித்துவிடும். காரங்கள் நன்றாக உறிஞ்சும் பகுதி முழுக்க மறைந்துபோகிறது, வாலில் கொஞ்சம் மட்டும் மிஞ்சுகிறது. அந்த வால்தான் நம் தோலைக் கருக்குவதும், நாளடைவில் தோல் செல்களின் டி.என்.ஏ-வைக் கெடுப்பதும்.

ஆனால் வெயிலுக்குக் கிருமியைக் கொல்லும் சக்தி உண்டு என்று உங்கள் மாமியார் சொன்னது சரி ஆச்சி. தெளிவான தண்ணீரைச் சாயமில்லாத பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்து ஆறு மணி நேரம் நல்ல வெயிலில் கிடத்தினால் கிருமிகள் பெருமளவு ஒழிந்துவிடும். சுத்தமான தண்ணீர் கிடைக்காத பல நாடுகளில் இந்த முறை பழக்கத்தில் இருக்கிறது. அங்கே வேலை செய்வது நீண்ட அலை யூவி. அது காரங்களை நேராக அடிப்பது குறைவு. தண்ணீரிலும் செல்லுக்குள்ளும் வீரியமான ஆக்சிஜன் துணுக்குகளை உண்டாக்கி, அவை மூலம் கெடுக்கிறது.

கானாடுகாத்தான் ஆச்சி

நல்லா இருங்க அப்பு. புரிந்தது.

குன்றக்குடி மயில்

பேராசிரியர் ஐயா சைட்டோசின் யுராசிலாக மாறுவதைக் குறையாகச் சொன்னார். அதையே ஒரு குழு வரவாக வைத்துக் காட்டியது, அதையும் டீச்சர் மாணவியிடம் சொல்ல வேண்டும்.

2009-இல் மான்செஸ்டரில் பவுனர், ஜெர்லாண்ட், சதர்லாண்ட் மூவரும் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதுவரை எல்லோரும் ரைபோஸைத் தனியாகவும் காரத்தைத் தனியாகவும் செய்து ஒட்டப் பார்த்தார்கள். பிரிமிடின் காரங்களில் (சைட்டோசின், யுராசில்) அது ஒட்டவே ஒட்டாது. இவர்கள் வேறு வழியில் போனார்கள். சயனமைடு, கிளைக்கோலால்டிஹைடு, கிளிசரால்டிஹைடு, சயனோஅசெட்டிலீன் என்ற எளிய பொருள்களையும் பாஸ்பேட்டையும் படிப்படியாகச் சேர்த்து, சர்க்கரையும் காரமும் பிரியாமலே வளர்கிற மாதிரி செய்து, சைட்டிடின் (சைட்டோசின் உள்ள) நியூக்ளியோட்டைடுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

கூடவே வேண்டாத பக்க விளைபொருள்களும் வந்தன. கலவையை யூவி ஒளியில் வைத்தார்கள். பக்க விளைபொருள்கள் பெரும்பாலும் அழிந்தன. வேண்டிய நியூக்ளியோட்டைடு மிஞ்சியது, அதில் ஒரு பகுதி யுரிடின் நியூக்ளியோட்டைடாக மாறியது. ஒரே விளக்கு களையும் எடுத்தது, இரண்டாவது எழுத்தையும் தந்தது.

இன்னொன்று. 1963-இல் சிரில் பொன்னம்பெருமா, ரூத் மரைனர், கார்ல் சேகன் மூவரும் அடினோசினையும் ஒரு பாஸ்பேட் சேர்மத்தையும் யூவி ஒளியில் வைத்து ஏ.டி.பி. (செல்கள் ஆற்றலுக்குப் பயன்படுத்தும் மூலக்கூறு) உண்டாவதைக் காட்டினார்கள். பொன்னம்பெருமா இலங்கையில் காலியில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்துப் பட்டம் வாங்கிவிட்டு, அப்புறம் லண்டன் போய் வேதியியல் படித்தவர். நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

அடினினுக்கே ஒளி வழி ஒன்று உண்டு. ஹைட்ரஜன் சயனைடு நான்கு சேர்ந்த மூலக்கூறு ஒன்றை யூவி வளையமாக்கிவிடும், அந்த வளையத்திலிருந்து பியூரின் காரங்களுக்கு (அடினின், குவானின்) போகலாம். ஃபெரிஸும் ஆர்கெலும் 1966-இல் இதைச் செய்தார்கள். விண்வெளிப் பக்கம் பார்த்தால், 2009-இல் நாசாவின் ஏம்ஸ் மையத்தில் பிரிமிடின் கலந்த பனிக்கட்டியை யூவியில் காட்டி யுராசில் எடுத்தார்கள். ஆகவே ஒளியை எதிரியாக மட்டும் பார்க்க வேண்டாம்.

பள்ளத்தூர் வேதியியல்

மயிலுக்கு நன்றி. 2009 வேலையை நானும் மதிக்கிறேன். பல வருட முட்டுக்கட்டையை உடைத்த வேலை அது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சோதனைகளில் பெரும்பாலும் எரிவது 254 நானோமீட்டர் பாதரச விளக்கு, ஏறக்குறைய ஒரே அலைநீளம். ஆதிகாலச் சூரியன் அப்படி எரியவில்லை. கார்பன் டை ஆக்சைடு நிறைந்த வளிமண்டலம் சுமார் 200-க்குக் கீழே உள்ளதை மறைத்திருக்கும், அதற்கு மேலே உள்ள அத்தனை அலைநீளமும் சேர்ந்து தரைக்கு வந்திருக்கும். ஒரு விளைபொருளை உண்டாக்கும் அலைநீளமும் அதையே அழிக்கும் அலைநீளமும் அடுத்தடுத்து இருந்தால் விளக்கில் கிடைத்த விடை வெயிலில் மாறிப்போகலாம். சுக்ரித் ரஞ்சனும் திமிதார் சசெலோவும் 2016-இல் இதைக் கணக்கோடு எழுதி, விளக்கை நம்பி முடிவு செய்யாதீர்கள் என்று எச்சரித்தார்கள். நான் ஒப்புக்கொள்ளும் வாதம் அது.

நிழலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தூய நீர் 254-ஐ அவ்வளவாகத் தடுக்காது. ஆனால் குட்டையில் இரும்பு உப்போ கந்தகச் சேர்மமோ கரைந்திருந்தால் நிலைமையே வேறு. மண்ணுக்கடியிலோ பாறை இடுக்கிலோ இருந்த மூலக்கூறுக்கு அடி விழவே விழாது. அப்படிப்பட்ட இடத்தில் உயிர் தொடங்கியிருந்தால் ஒளியைத் தாங்கும் திறன் ஒரு தகுதியாகவே இருந்திருக்காது.

கோட்டையூர் ராமு

ஐயா, ஒரு கேள்வி. நான்கு காரமும் தாங்குவது தற்செயல் என்றால், நான்கிலுமே இவ்வளவு வேகமான வெளியேறும் வழி அமைந்தது எப்படி? ஒன்றில் அமைந்தால் தற்செயல். நான்கிலும் என்றால்?

பள்ளத்தூர் வேதியியல்

நல்ல கேள்வி, இதை நான் தள்ளிவிடப் போவதில்லை. ஒரு சாத்தியம் மட்டும் சொல்கிறேன். இந்த மூலக்கூறுகளை உண்டாக்கிய வேதிவினையிலேயே யூவி பங்கெடுத்திருந்தால், யூவியில் நிற்காத எதுவும் அந்தக் கலவையில் சேர்ந்திருக்கவே முடியாது. உயிர் வந்து தேர்ந்தெடுப்பதற்கு முன்னாலேயே பட்டியல் சுருங்கியிருக்கும். இந்த அளவுக்கு ராமுவோடு ஒத்துப்போகிறேன். அதற்கு மேல், ஜோடி சேரும் திறன், நீரில் கரையும் திறன், எளிதில் உண்டாகும் தன்மை எல்லாம் கூடவே போட்டியிட்டிருக்கும். ஒளியை மட்டும் தனியாகப் பிரித்து அதற்கு முழுப் பெருமையும் கொடுக்க மனம் ஒப்பவில்லை.

கல்லூரி ரோடு

இதை ஏற்கிறேன் ஐயா. மாணவியிடம் இப்படிச் சொல்லலாம் டீச்சர்: யூவி ஒரே அடியில் ஆர்.என்.ஏ-வைச் சிதைப்பதில்லை, பெரும்பாலான அடிகளைக் காரம் வெப்பமாக உதறிவிடுகிறது. உதற முடியாமல் போகும் சொற்ப அடிகள்தான் சேதம். ஒரு கிருமியின் டி.என்.ஏ-விலோ ஆர்.என்.ஏ-விலோ ஆயிரக்கணக்கான காரங்கள் கோத்திருப்பதால், மிஷின் விளக்கின் கொட்டும் ஒளியில் அதில் ஏதாவது சில இடம் கெட்டாலே கிருமியின் கதை முடிந்துவிடும். ஆதிகாலக் குட்டையில் தனித்தனியாக மிதந்த சின்ன நியூக்ளியோட்டைடுக்கு அந்த நெருக்கடி இல்லை. கெட்டது கெட, புதிதாக உண்டானது உண்டாகிக்கொண்டே இருந்தால் போதும்.

தேவகோட்டை டீச்சர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இதை எப்படி நடத்துவது என்று இப்போது தெளிவாகத் தெரிகிறது. அந்தப் பெண் சும்மா விடமாட்டாள், அடுத்து என்ன கேட்பாள் என்றும் தெரியும்: யுராசில் இவ்வளவு இளக்கம் என்பதால்தான் டி.என்.ஏ அதை விட்டுவிட்டுத் தைமினை எடுத்துக்கொண்டதா?

இன்னொரு உதவி. வகுப்பில் செய்துகாட்ட ஏதாவது உண்டா? எங்களிடம் நிறமாலைமானி இல்லை.

பள்ளத்தூர் வேதியியல்

தைமின் என்பது ஒரு மெத்தில் தொகுதி ஒட்டிய யுராசில்தான் அம்மா. அந்த மெத்தில் வந்ததும் நீரேற்றம் வெகுவாகக் குறைகிறது. ஆனால் ஒளியில் இரட்டையாகப் பிணைந்துகொள்ளும் குணம் தைமினுக்குத் தூக்கல். உறைந்த தைமின் கரைசலில் அந்த இரட்டைகளைப் பியூகர்ஸும் பெரெண்ட்ஸும் 1960-இல் அடையாளம் காட்டினார்கள். ஆக ஒளிக் கணக்கில் தைமின் லாபம் என்று சொல்ல முடியாது.

தைமினுக்கு வலுவான காரணம் வேறு. சைட்டோசின் வெயிலே படாமலும் நாளடைவில் யுராசிலாக மாறும். டி.என்.ஏ-விலும் யுராசில்தான் எழுத்தாக இருந்தால் எது அசல், எது கெட்டுப்போன சைட்டோசின் என்று பிரிக்க வழியில்லை. தைமின் இருப்பதால் டி.என்.ஏ-வில் யுராசிலைக் கண்டாலே பழுது என்று நொதி வெட்டி எறிந்துவிடும். அந்த நொதியை 1974-இல் கண்டுபிடித்த தாமஸ் லிண்டாலுக்கு 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கல்லூரி ரோடு

செய்துகாட்ட ஒரு வழி இருக்கிறது டீச்சர். முதலில் ஒரு எச்சரிக்கை: ஆர்.ஓ. மிஷினின் யூவி விளக்கைக் கழற்றி வகுப்பில் எரியவிட வேண்டாம். 254 கண்ணில் பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துக் கண் சிவந்து உறுத்தும், நீர் வடியும், பயங்கர வலி இருக்கும்.

கடைகளில் கள்ளநோட்டுப் பார்க்க வைத்திருக்கும் சின்ன யூவி டார்ச் வாங்கிக்கொள்ளுங்கள். அது நீண்ட அலை, அதையும் கண்ணுக்கு நேரே பிடிக்கக் கூடாது. ஒரு சிட்டிகை மஞ்சள் தூளை ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டில் கலக்கி, தெளிய விட்டு, மேலாக உள்ளதைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அறையை இருட்டாக்கி டார்ச்சை அடியுங்கள். பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். வாங்கிய ஒளியில் ஒரு பங்கை மஞ்சளில் உள்ள குர்குமின் ஒளியாகவே திருப்பித் தருகிறது. ஆர்.என்.ஏ காரங்கள் அப்படித் தருவது அபூர்வம், வெப்பமாக்கி விட்டுவிடும் என்று அதைக் காட்டிக்கொண்டே சொல்லலாம்.

ஒன்று மட்டும் கவனம். பக்கத்தில் ஆர்.என்.ஏ கரைசலை வைத்து, "பாருங்கள், இது ஒளிரவில்லை" என்று காட்டாதீர்கள். டார்ச்சின் ஒளியைக் காரங்கள் உறிஞ்சுவதே இல்லை, சர்க்கரைத் தண்ணீரும் அதே மாதிரி இருட்டாகத்தான் இருக்கும். அந்தப் பெண் அதைக் கண்டுபிடித்துவிடுவாள்.

தேவகோட்டை டீச்சர்

மஞ்சள் பொட்டலமும் ஸ்பிரிட்டும் ஆய்வகத்திலேயே இருக்கின்றன, டார்ச் மட்டும் வாங்க வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் செய்கிறோம். படம் எடுத்து இங்கேயே போடுகிறேன்.